யூசி மாறுதலுக்குத் தமிழ்வழிப் படிப்பைக் காட்டியவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். என் தம்பி கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் 2024 முதல் படிக்கிறான். அடுத்து யூசிக்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு) மாற வேண்டும். அவன் பின்பற்றும் ஐஜெட்சி (IGETC) என்ற, பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான பொதுப் பாடத்திட்டத்தில் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழித் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். (கால்ஸ்டேட் என்ற இன்னொரு மாநிலப் பல்கலைக்கழக அமைப்புக்கு மட்டும் போவதானால் இந்தப் பகுதி தேவையில்லை.)

ஆங்கிலம் பயிற்று மொழியாக இல்லாத பள்ளியில், ஆறாம் வகுப்பு அல்லது அதற்கு மேல், இரண்டு வருடம் சி கிரேடோ அதற்கு மேலோ எடுத்துப் படித்திருந்தாலே போதும் என்று விதி இருக்கிறது. தம்பி மதுரைப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து எட்டு வரை தமிழ்வழியில்தான் படித்தான். டி.சி.யில் ‘பயிற்று மொழி: தமிழ்’ என்று தெளிவாக இருக்கிறது. ஆனாலும் கல்லூரியில் பாட ஆலோசனை சொல்லும் கவுன்சிலர், பேசாமல் ஸ்பானிஷ் எடுத்துவிடு என்கிறார். பகுதிநேர வேலையும் கால்குலஸும் இருக்கும்போது இன்னொரு ஐந்து யூனிட் பாடம் அவனுக்குப் பெரிய சுமை. தவிர, தமிழிலேயே படித்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தத் தமிழ் கணக்கில் வர வேண்டாமா?

இதே வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: டி.சி.யும் மார்க் ஷீட்டும் மட்டும் போதுமா, தலைமையாசிரியர் கடிதமும் கேட்டார்களா? மொழிபெயர்ப்பை யாரிடம் செய்தீர்கள்? பள்ளி மாணவர்கள் கல்லூரிக் கிரெடிட்டுக்காக எழுதும் ஏபி தேர்வில் தமிழ் கிடையாது. ஆக்ட்ஃபல் (ACTFL) என்ற அமெரிக்க அமைப்பின் தமிழ்த் திறன் தேர்வை உங்கள் கல்லூரி ஏற்றுக்கொண்டதா? அப்புறம், கவுன்சிலர் மறுத்தால் அடுத்து யாரைப் பார்ப்பது?