மலைக் கல்லூரி மாணவர்களின் உடலுழைப்பும் உடல்நலமும்: சில நேரடி அனுபவங்கள்

உதகை, கல்லூரி விரிவுரையாளர்:

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில் முதலாமாண்டு மாணவர்களிடம் உடல்நலப் படிவம் ஒன்றை நிரப்பி வாங்கினோம். ‘வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு, கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றிலிருந்து வரும் மாணவி பூஜ்யம் என்று எழுதியிருந்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் அவருடைய வகுப்புத் தோழர், வாரத்தில் ஐந்து நாள் ஜிம்முக்குப் போவதாக எழுதியிருந்தார். படிவத்தை மட்டும் நம்பினால் நகரத்துப் பையன் சுறுசுறுப்பானவன், கிராமத்துப் பெண் உடம்பை அசைக்காதவள் என்றுதான் அறிக்கை எழுத வேண்டியிருக்கும்.

அந்த மாணவி படிவத்தை நீட்டிய கையைப் பார்த்த பிறகு மேற்கொண்டு விசாரித்தேன். தேயிலை வெட்டும் கத்தரியின் பிடி அழுந்தும் இடத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, தோல் காய்த்துத் தடித்திருந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலையிலிருந்து மதியம் வரை வீட்டுத் தோட்டத்தில் இலை எடுக்கிறார். நிரம்பிய மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறி, எடை போடும் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். கல்லூரி நாட்களில் பேருந்து வரும் சாலைக்கு ஏறி வருவதும் மாலையில் இறங்கிப் போவதும் தனி. “அதெல்லாம் வீட்டு வேலைதானே சார்” என்று சொல்லிவிட்டார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் இந்த இடத்தில் எவ்வளவோ மேல். வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு, மிதமான உழைப்பின் ஒவ்வொரு நிமிடத்தையும் 4 மெட் (சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் ஒரு மெட்) என்றும், கடுமையான உழைப்பின் நிமிடத்தை 8 மெட் என்றும் கணக்கிட்டுக் கூட்டுகிறது. வாரத்துக்கு 600 மெட்-நிமிடம், அதாவது 150 நிமிட மிதமான உழைப்பு, குறைந்தபட்ச அளவு. இலை எடுப்பதை மிதமான உழைப்பு என்றே வைத்துக்கொண்டாலும், நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் இரண்டு நாளில் 1,920 வந்துவிடுகிறது. ஜிம்முக்குப் போகும் மாணவரும் அந்த அளவைத் தாண்டிவிடுகிறார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஜிம்மில் கழியும் ஒரு மணி நேரம் போக மீதிப் பொழுதெல்லாம் வகுப்பு பெஞ்சிலும் கட்டிலிலும் கைபேசியோடு கழிகிறது என்று அவரே சொன்னார். உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள் கேட்கிறது. எங்களுக்கு வந்த படிவத்தில் அதற்கு இடமே இல்லை.

கூடலூர்ப் பகுதி, செவிலியர்:

விரிவுரையாளர் சாரின் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நிறைய உழைக்கும் பிள்ளை நல்ல உடல்நலத்தோடும் இருக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி முகாம்களில் விரல் நுனியில் குத்தி ஹீமோகுளோபின் பார்க்கும்போது, தோட்ட வேலையும் செய்துவிட்டுப் படிக்க வரும் பெண்பிள்ளைகளிடம் 9, 10 என்ற எண்களை அடிக்கடி காண்கிறேன். கருவுறாத பெண்களுக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. அந்த 12 கூடக் கடல்மட்டத்துக்கு வகுத்த அளவு. உயரமான ஊர்களில் உடல் இயல்பாகவே கூடுதலாக ஹீமோகுளோபினை உண்டாக்கிக்கொள்ளும் என்பதால், மலையில் அளவை இன்னும் சற்று உயர்த்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நகரத்துப் பிள்ளைகள் இதற்கு விலக்கு என்றும் சொல்ல முடியாது: 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது.

ஒரு மாணவி, “படி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குது சிஸ்டர்” என்று வந்தார். விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்க ஒரு டம்ளர் டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர். மதியச் சாப்பாட்டை முடித்த கையோடும் ஒரு டீ. தேயிலையில் உள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. தேயிலையே பிழைப்பாக உள்ள ஊரில் டீயைக் குடிக்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடச் சொல்லி அனுப்பினேன், மாத்திரையும் கொடுத்தேன். பள்ளி வரை வாரம் ஒருமுறை வகுப்பிலேயே கிடைத்துக்கொண்டிருந்த இரும்புச்சத்து மாத்திரை, கல்லூரிக்கு வந்ததும் நின்றுபோயிருந்தது. இந்த நிலையில் இருக்கும் பெண்ணை, சோம்பலை விட்டு மைதானத்தில் ஓடு என்று விரட்டுவது கொடுமை.

கொடைக்கானல், முதுகலை மாணவி:

நான் மதுரைக்காரி, வீட்டு வாசலில் ஸ்கூட்டியில் ஏறிக் கல்லூரி வாசலில் இறங்கிப் பழகியவள். இங்கு வந்த புதிதில் விடுதியிலிருந்து வகுப்புக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைச் சுற்றி வருவதும் வழக்கமாயிற்று. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடை அது.

என் அறைத்தோழிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. அவர் மேல்மலையில் மன்னவனூர்ப் பக்கம். ஊர் 30 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருப்பதால் தினமும் வந்து போக இயலாமல் விடுதியில் சேர்ந்தார். ஊரில் இருந்தவரை பூண்டு பிடுங்குவது, உருளைக்கிழங்கு அள்ளுவது, விறகு கொண்டுவருவது என்று உடம்பு சும்மா இருந்ததில்லை. இங்கே அந்த வேலைகள் ஒரேயடியாக நின்றன. சாப்பாட்டின் அளவு மட்டும் குறையவில்லை. இரண்டு செமஸ்டருக்குள் சுடிதாரைப் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று. உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியெண் (பிஎம்ஐ) 24 வந்தது. உலக அட்டவணையில் 25 வரை கவலையில்லை என்றாலும், இந்தியர்களுக்கு 23 என்றாலே கூடுதல் எடைதான். விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அவருடைய அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி: “இப்பத்தான்டி பார்க்கிற மாதிரி இருக்க.”

எங்களைப் போன்றவர்களிடம் மாலையில் நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்பவர்கள், இருட்டுவதற்கு முன்பே விடுதிக் கதவு சாத்தப்படுவதையும், சாலையில் காட்டெருமை நிற்பதையும் நினைத்துப் பார்ப்பதில்லை. வராந்தாவில் கயிறு தாண்டினோம். கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் வார்டனிடம் புகார் சொன்னார்கள்.

உதகை, உடற்கல்வி இயக்குநர்:

அளவுகோலைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாணவர்களுக்கு 12 நிமிட ஓட்டத் தேர்வு வைத்து, ஓடிய தூரத்தை அட்டவணையோடு ஒப்பிட்டால், மலையேறி இறங்கும் பையன்கள்கூடச் சுமார் என்றே வருகிறது. மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட தேர்வு அது. அமெரிக்க விமானப்படையினரை ஓடவைத்து வகுத்தது. அதே ஆண்டு ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் நம் உதகையும் ஏறத்தாழ ஒரே உயரம், 2,240 மீட்டர். அங்கே 10,000 மீட்டர் ஓட்டத்தில், 27 நிமிடம் 39.4 விநாடி என்ற உலகச் சாதனையைக் கையில் வைத்திருந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி தேமுவுக்கே 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. சமவெளி அட்டவணையை இங்கே அப்படியே விரித்து வைத்து மாணவனுக்கு மதிப்பெண் போடுவது நியாயமாகாது. நான் இப்போது செமஸ்டர் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை ஓடவைத்து, அவனை அவனுடைய பழைய தூரத்தோடு மட்டும் ஒப்பிடுகிறேன்.

உதகை, கல்லூரி விரிவுரையாளர்:

செவிலியர் அம்மாவும் கொடைக்கானல் மாணவியும் சொன்னதை வைத்துப் படிவத்தில் மூன்று கேள்விகள் சேர்த்திருக்கிறேன்: காலையில் என்ன சாப்பிட்டீர்கள், தங்குவது வீட்டிலா விடுதியிலா, விடுதி என்றால் அதற்கு முன் வீட்டில் என்ன வேலை செய்தீர்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கடந்த ஏழு நாட்களைப் பற்றிக் கேட்டால், உறைபனி விழுந்து இலை குறைந்துபோகும் ஜனவரியில் ஒரு விடையும், கொழுந்து மளமளவென்று வரும் மழைக்குப் பிந்திய மாதங்களில் வேறொரு விடையும் கிடைக்கும். ஆகவே அதே மாணவர்களிடம் இரண்டு பருவத்திலும் கேட்கப் போகிறோம்.