‘மக்னெட்டிக்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: இழுப்பதா, இழுபடுவதா?

உப்புவெளி ஆசிரியை:

அன்புடையீர், வணக்கம். சாதாரண தர வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். அண்மையில் வாசித்த ஒரு பகுதியில் ‘மக்னெட்டிக்’ என்ற பெயரடை இரண்டு இடங்களில் வந்தது. ஓரிடத்தில் அது வங்கி அட்டையின் பின்புறத்தில் உள்ள கரும்பட்டையைக் குறித்தது. மற்றோரிடத்தில் ஒரு பெண் தலைவரின் ஆளுமையைக் குறித்தது. முன்னதைக் ‘காந்தப் பட்டை’ என்றும் பின்னதைக் ‘காந்தத் தன்மையுள்ள ஆளுமை’ என்றும் கரும்பலகையில் எழுதி, ஒன்று நேர்ப்பொருள், மற்றையது உருவகப் பொருள் என்று விளக்கினேன்.

புல்மோட்டையைச் சேர்ந்த மாணவன் ஒருவன் எழுந்து, தங்கள் கடற்கரையின் கறுப்பு மணலையும் ‘மக்னெட்டிக்’ என்றே சொல்வார்கள் என்றும், ஆனால் அந்த மணல் எதையும் இழுப்பதில்லை, காந்தம்தான் மணலை இழுக்கிறது என்றும் கூறி, அப்படியானால் ‘மக்னெட்டிக்’ ஆன மனிதர் பிறரை இழுப்பவரா அல்லது பிறரால் இழுபடுபவரா என்று கேட்டான். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்புக்குரிய கேள்வியாகப் படவில்லை. இச்சொல்லின் நேர்ப்பொருள் ஒன்றா, பலவா? உருவகம் அவற்றுள் எதிலிருந்து கிளைத்தது? நான் எழுதிய தமிழ் பொருந்துமா?

பாலையூற்று, பௌதிகவியல்:

மாணவனின் ஐயம் நியாயமானது. பௌதிகவியலில் இந்தப் பெயரடை குறைந்தது மூன்று வேலைகளைச் செய்கிறது; பாடநூல்கள் அவற்றைப் பிரித்துக் காட்டாமல் கடந்து போகின்றன.

ஒன்று, தானே காந்தமாக இருப்பது. அலுமாரிக் கதவைப் பிடித்து வைக்கும் சிறு காந்தப் பூட்டு இவ்வகை. இரண்டாவது, தான் காந்தமாக இல்லாமல் காந்தத்தால் இழுபடுவது. புல்மோட்டை மணல் இவ்வகையைச் சேர்ந்தது. அதில் இல்மனைற்று, உருத்தைல், சிர்க்கோன் முதலிய கனிமங்கள் கலந்திருக்கின்றன. இவற்றுள் இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த சேர்வை. வலிமையான காந்தப்புலத்தின் ஊடாக மணலைச் செலுத்தும்போது அது ஒரு பக்கமாக இழுபட்டுப் பிரிகிறது, உருத்தைலும் சிர்க்கோனும் ஏறத்தாழ அசையாமல் தம் வழியே போகின்றன. ஆனால் கைநிறைய இல்மனைற்றை அள்ளி ஒரு குண்டூசியின் அருகே கொண்டுபோனாலும் ஊசி அசையாது. எனவே இழுபடும் பொருளுக்கும் இழுக்கும் பொருளுக்கும் ஆங்கிலம் ஒரே பெயரடையைத்தான் கொடுத்திருக்கிறது என்று அந்த மாணவனிடம் தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாவது, இழுப்பதோ இழுபடுவதோ பேச்சாக இல்லாமல், காந்தவியலோடு தொடர்புடையது என்பது மட்டும். வங்கி அட்டையின் பட்டை இதற்குள் வரும். அதில் காந்தமாக்கப்பட்ட நுண்துகள்கள் இருப்பது உண்மைதான். ஆயினும் தகவல் அவற்றில் காந்த வடிவில் பதிந்திருக்கிறது என்பதற்காகவே அப்பெயர் வந்தது. பழைய ஒலிநாடாவும், திசையறி கருவி காட்டும் காந்த வடக்கும் இவ்வாறே. திசையறி கருவியைப் பற்றிய பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: புவியின் காந்த நடுக்கோடு நம் பகுதிக்கு அருகே செல்வதால், இங்கே தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும், இலண்டனிலோ அதன் வடமுனை கிடையில் இருந்து சுமார் 66 பாகை நிலத்தை நோக்கிச் சாயும்.

மேலும், ‘மக்னெட்டிக்’ என்பது பொருளின் நிலையான குணமும் அன்று. இரும்பைச் சுமார் 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அந்தக் குணம் போய்விடும். துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரங்கள் பலவற்றில் இரும்பு நிறைய இருந்தும் காந்தம் ஒட்டுவதில்லை.

மூதூர் மொழிபெயர்ப்பாளர்:

மேலே சொன்ன மூன்றில் உருவகத்துக்குப் போனது முதலாவது மட்டுமே. ஆங்கிலத்தில் ஒருவரின் குரல், பார்வை, சிரிப்பு, ஆளுமை ஆகியவற்றை ‘மக்னெட்டிக்’ என்றால், அவர் எந்த முயற்சியும் செய்யாதது போலத் தோன்றும்போதே பிறர் அவர்பால் போய்ச் சேர்கிறார்கள் என்பது பொருள். இழுபடும் மனிதரை அச்சொல்லால் யாரும் குறிப்பதில்லை.

இந்த உருவகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1600இல் வில்லியம் கில்பேர்ட் புவியே ஒரு பெரிய காந்தம் என்று எழுதியதில் இருந்து, தொடாமல் தொலைவில் இருந்தே செயற்படும் காந்த விசை ஐரோப்பியரின் சிந்தனையை மிகவும் கவர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், உயிர்களின் உடலிலும் காந்தம் போன்ற ஒரு பாய்மம் ஓடுகிறது என்றும் அதைக் கொண்டு நோய் தீர்க்கலாம் என்றும் கூறி, பாரிஸ் நகரில் பெரும் கூட்டத்தைச் சேர்த்தார். 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த ஆணைக்குழு, பெஞ்சமின் பிராங்கிளினும் இலவோசியேயும் அங்கம் வகித்தது, அப்படியொரு பாய்மம் இருப்பதற்குச் சான்றே இல்லை என்று அறிவித்தது. கொள்கை விழுந்தது, சொல் விழவில்லை. ‘அனிமல் மக்னெட்டிசம்’ என்ற அவருடைய தொடர் இன்று ஒருவரின் உடல்சார்ந்த வசீகரத்தைக் குறிக்கிறது. அவர் பெயரில் இருந்தே ‘மெஸ்மரைஸ்’ என்ற வினையும் பிறந்தது.

வகுப்பில் இரு பொருளையும் பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. பெயரடைக்கு முன்னே ‘மிகவும்’ என்பதற்குரிய ‘வெரி’யைச் சேர்த்துப் பாருங்கள். ‘வெரி மக்னெட்டிக்’ ஆளுமை என்பது இயல்பாக இருக்கும். ‘வெரி மக்னெட்டிக்’ ஒலிநாடா என்பது காதுக்கு ஒவ்வாது, ஏனெனில் அங்கே அது வகையைச் சுட்டுகிறது, அளவைச் சுட்டவில்லை. கனிமங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் இச்சோதனை உதவாது. அங்கே நேர்ப்பொருளுக்கும் அளவு உண்டு.

இன்னொன்று: இந்தச் சொல்லில் நல்லவர் என்ற குறிப்பு இல்லை. ஊரை ஏமாற்றுகிறவரும் ‘மக்னெட்டிக்’ ஆக இருக்கலாம். பல வேளைகளில் அவரே அப்படி இருக்கிறார்.

கோணமலை வாசகர்:

தமிழ்ப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆங்கிலச் சொல்லின் வேர், கிரேக்கரின் மக்னீசியா என்ற இடப்பெயர். கல் கிடைத்த ஊரின் பெயர் கல்லுக்கு ஆகி, கல்லின் இயல்பு பின்னர் மனிதருக்கு ஏற்றப்பட்டது. நம்முடைய காந்தம் இதற்கு நேர்மாறான வழியில் வந்தது. வடமொழியில் ‘காந்த’ என்றால் விரும்பப்பட்டது, அன்புக்குரியது. காந்தன், காந்தா என்ற பெயர்களும் அதன் வழியே வந்தவை. காந்தக் கல்லுக்கு அங்கே ‘அயஸ்காந்தம்’ என்று பெயர், அதாவது இரும்பின் காதலர். மனிதரின் விருப்பம்தான் முதலில் கல்லுக்கு ஏற்றப்பட்டது. எனவே ‘காந்தக் கண்கள்’ என்று எழுதுபவர் கல்லிடம் இருந்து கடன் வாங்குவதாக நினைக்கிறார். உண்மையில் கல்லுக்குக் கொடுத்த கடனைத் திரும்ப வாங்குகிறார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரம் ‘காந்தங் கண்ட பசாசத்து அவையே’ என்று முடிகிறது. இங்கே பசாசம் என்பது பேய் அன்று, இரும்பு. ஐம்பொறிகள் உயிரால் அறிந்தும் உயிரை அறியாதது போல, உயிர்களும் இறைவனின் அருளால் அறிந்தும் அவனை அறிவதில்லை என்று சொல்லி, காந்தத்தின் முன் அசையும் இரும்பை மெய்கண்டார் எடுத்துக்காட்டாக வைக்கிறார். இழுக்கும் காந்தத்தில் எந்த மாற்றமும் நிகழ்வதில்லை என்பதே இங்கு முக்கியம். அது வெறுமனே முன்னிற்கிறது, இரும்பு அசைகிறது. முந்தைய நண்பர் சொன்ன ‘முயற்சி செய்யாதது போல’ என்ற குறிப்பு இதற்கு வெகு அண்மையில் நிற்கிறது.

ஆசிரியை அவர்களே, ‘காந்தத் தன்மையுள்ள ஆளுமை’ பிழை அன்று, ஆனால் ஆய்வுகூட வாசனை அடிக்கிறது. ‘ஆட்களைத் தன்பால் ஈர்க்கும் ஆளுமை’ என்றோ, குரலானால் ‘கேட்போரைக் கட்டிப்போடும் குரல்’ என்றோ எழுதலாம். ‘வசீகரம்’ என்பது நெருக்கமான சொல். தன் வசமாக்குதல் என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. ‘கவர்ச்சி’யை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதைச் சினிமாப் பக்கங்கள் எடுத்துக்கொண்டு வெகு காலமாகிறது.

உப்புவெளி ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. மணலைப் பற்றிய பதிலை அந்த மாணவனைக் கொண்டே வகுப்பில் வாசிக்கச் செய்யப்போகிறேன். அவன் அடுத்துக் கேட்கப்போவதும் எனக்குத் தெரியும்: ஒத்த முனைவுகள் ஒன்றையொன்று தள்ளுமே, அந்தத் தள்ளுகை உருவகத்தில் எங்கே போயிற்று?

மூதூர் மொழிபெயர்ப்பாளர்:

‘மக்னெட்டிக்’ அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆங்கிலத்தில் ஒரு தலைவரை ‘போலரைசிங்’ என்பார்கள். அதில் முனைவு இருக்கிறது, ஆனால் தள்ளுகை இல்லை. மக்களை எதிரெதிரான இரு பக்கங்களாகப் பிரித்து நிறுத்துபவர் என்பதே அதன் பொருள். அந்தச் சொல் காந்தவியலில் இருந்து நேரே வரவும் இல்லை. பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் மாலுஸ் ஒளியைப் பற்றிப் பேசுவதற்காகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒருவர் அருகே வந்தாலே மற்றவர் விலகிப் போகிறார் என்று சொல்ல ஆங்கிலேயர் ‘ரிப்பல்சிவ்’ என்ற வேறு பெயரடையை நாடுகிறார்கள். அது காந்தத்தின் தள்ளுகையைக் காட்டிலும் அருவருப்பையே மிகுதியாகச் சுட்டுவதால், மாணவனுக்குச் சொல்லும்போது இரண்டையும் இணைத்துவிட வேண்டாம்.