கழுத்தே திரும்பாத பேட்மேன்தான் சிறந்த பேட்மேனா?

வௌவால்மாமா:
முகமூடியை மாட்டிய பிறகு நடிகனுக்கு மிஞ்சுவது இரண்டு கண், வாய், தாடை. அதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்தார் என்றுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மைக்கேல் கீட்டனைத் தாண்ட இன்னும் ஆளில்லை. 1989 ‘பேட்மேன்’ படத்தில் அவருக்குக் கொடுத்த ரப்பர் முகமூடி கழுத்து, தோள் வரை ஒட்டிக்கொண்டே வரும். தலையை மட்டும் திருப்பினால் கிழிந்துவிடும். அதனால் இடுப்பிலிருந்து உடம்பு மொத்தத்தையும் திருப்பினார். உடுப்பின் குறையே பாத்திரத்தின் உடல்மொழி ஆகிவிட்டது.

கட்_அண்ட்_ஒட்டு:
மாமா, நிற்கும்போது அழகுதான். சண்டை வரும்போது? ஓர் அடி, ஒரு கட். இன்னோர் அடி, இன்னொரு கட். கழுத்து திரும்பாதவருக்குப் பக்கத்தில் வருபவனே தெரியாது. இந்தக் குறையை இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் கதைக்குள்ளேயே கொண்டுவந்தார். 2008 ‘த டார்க் நைட்’ படத்தில், தலையைத் திருப்ப முடியவில்லை என்று புரூஸ் வெய்ன் (முகமூடிக்குள் இருக்கும் பணக்காரர்), தனக்குக் கருவிகள் செய்து தரும் லூசியஸ் ஃபாக்ஸிடம் புது உடுப்பு கேட்கிறார். வலைத்துணி மேல் தனித்தனித் தகடுகள், உடம்போடு ஒட்டாத முகமூடி என்று வருகிறது. தகடுகளுக்கு நடுவே கத்தி நுழையும் என்று ஃபாக்ஸ் எச்சரிக்கவும் செய்கிறார். அதன் பிறகு கிறிஸ்டியன் பேலின் நடையைப் பாருங்கள், அது வேறு ஆள்.

மழைக்கோதம்:
நடை மாறியது சரி பாஸ். ஆனால் 2005 ‘பேட்மேன் பிகின்ஸ்’ துறைமுகச் சண்டையில் யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியாது. அத்தனை நெருக்கமான ஷாட், அத்தனை வேகமான கட்.

கட்_அண்ட்_ஒட்டு:
அது வேண்டுமென்றே செய்தது. அந்தச் சண்டையை நாம் பார்ப்பது அடிவாங்கும் ரவுடியின் இடத்திலிருந்து. அவனுக்கும் ஒன்றும் தெரியாது. அதில் பயன்படுத்திய கெய்சி என்ற சண்டை முறையும் முழங்கையால் நெருங்கி அடிப்பதுதான். கேமராவைத் தள்ளி வைத்தால் அதன் வேகமே தெரியாது.

வௌவால்மாமா:
விளக்கம் நன்றாக இருக்கிறது, சண்டைதான் தெரியவில்லை. சரி, அந்தக் குரல்?

கட்_அண்ட்_ஒட்டு:
இதை எதிர்பார்த்தேன். ‘பிகின்ஸ்’ படத்தில் ஃபிளாஸ் என்ற ஊழல் போலீஸ்காரனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உறுமும் இடத்தில் அந்தக் குரல் கச்சிதம். காட்சியே பயமுறுத்தத்தான். அடுத்த படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தில் அதை இன்னும் கனமாக்கினார்கள். அதே குரலில் போலீஸ் அதிகாரி கோர்டனிடம் நீளநீளமாக வசனம் பேசும்போதுதான் சிரிப்பு வருகிறது. அளவு தப்பியது பேலிடம் இல்லை, ஒலிக்கலவையில். இன்னொன்று: தமிழ் டப்பிங்கில் மட்டும் பார்த்தவர்கள் தயவுசெய்து குரலுக்கு மார்க் போடாதீர்கள்.

பேட்கேவ்_வாட்ச்மேன்:
குரல் பிரச்சினைக்கு ஒழுங்காகத் தீர்வு சொன்னது பென் அஃப்லெக் படம்தான். 2016 ‘பேட்மேன் v சூப்பர்மேன்’ படத்தில் முகமூடிக்குள்ளேயே குரல் மாற்றும் கருவி வைத்தார்கள். தொண்டையைக் கிழித்துக்கொள்ளத் தேவையில்லை. சூப்பர்மேனின் அம்மா மார்த்தாவை மீட்கும் கிடங்குச் சண்டையில் கேமரா பின்வாங்கி நிற்கிறது, அடி எங்கே விழுகிறது என்று தெரிகிறது. யாராவது மறுப்பீர்களா?

மழைக்கோதம்:
சண்டையை மறுக்கவில்லை. ஆனால் அந்த மாதிரிக் காட்சியில் டூப் எவ்வளவு, அஃப்லெக் எவ்வளவு? நடிப்பு பற்றிய பேச்சில் அதை அவர் கணக்கில் முழுசாக எழுத முடியாது. தவிர, ஆளைக் கொல்லும் பேட்மேன் அவர்.

பேட்கேவ்_வாட்ச்மேன்:
கீட்டன் மட்டும்? 1992 ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தில் ஒருவன் உடம்பில் வெடிகுண்டை மாட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறாரே!

வௌவால்மாமா:
😄 அந்தச் சிரிப்புக்கே தனி மார்க் உண்டு. அந்த நேரத்தில் தெரிவது தாடை மட்டும்தான், கவனித்தீர்களா?

மழைக்கோதம்:
அதே படத்தின் கடைசியில் செலினா (கேட்வுமன்) முன்னால் முகமூடியைக் கிழிக்கும் காட்சியையும் கவனியுங்கள். கண்ணைச் சுற்றிப் பூசியிருந்த கறுப்பு மை திடீரென்று காணாமல் போகும். முகமூடி ஓட்டைக்கும் கண்ணுக்கும் இடையில் தோல் தெரியக் கூடாது என்று பூசுவது அது. எல்லாப் படத்திலும் இருக்கிறது, ஆனால் இல்லாத மாதிரியே நடிப்பார்கள். 2022 ‘த பேட்மேன்’ படத்தில்தான் ராபர்ட் பேட்டின்சன் முகமூடியைக் கழற்றிய பிறகும் மை வழிந்த முகத்தோடு குகையில் உட்கார்ந்திருக்கிறார். தூங்காத, இரண்டாவது வருஷத்திலேயே களைத்துப்போன ஆள் என்பதை வசனமே இல்லாமல் அந்த மை சொல்லிவிடுகிறது.

கட்_அண்ட்_ஒட்டு:
அங்கேதான் என் சண்டை. பேட்டின்சனின் புரூஸும் பேட்மேனும் ஒரே ஆள். அதே முனகல், அதே முறைப்பு. பேல் மூன்று பேரைக் காட்டினார்: ஊருக்குத் தெரிந்த ஊதாரி, வீட்டுப் பணியாளர் ஆல்ஃப்ரெடிடம் பேசும் புரூஸ், பேட்மேன். பிறந்தநாள் விருந்தில் குடித்தவர் போல நடித்து விருந்தாளிகளை அவமானப்படுத்தி விரட்டுகிறார். வில்லன் ராஸ் அல் கூலிடமிருந்து அவர்களைக் காப்பாற்ற ஊதாரி வேஷத்தையே ஆயுதமாக எடுக்கிறார். இந்த அடுக்கு வேறு யாரிடமும் இல்லை.

மழைக்கோதம்:
அந்த வேஷத்தை இன்னும் கண்டுபிடிக்காத புரூஸ்தான் 2022 கதை. மேயரின் இறுதிச் சடங்குக்கு வந்தாலும் யாரிடமும் கலக்கத் தெரியவில்லை. இல்லாத அடுக்கை எப்படி நடிப்பது? பதிலாக, ஆர்க்கம் மனநலச் சிறையில் வில்லன் ரிட்லர் “புரூஸ் வெய்ன்” என்று இழுக்கும் இடத்தைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். உடம்பு அசையாது, கண் மட்டும் மாறும். அப்படியே பேலின் போலீஸ் ஸ்டேஷன் விசாரணைக் காட்சியையும், கீட்டன் தேவாலய உச்சியில் ஜோக்கரைப் பிடிக்கும் காட்சியையும் மியூட்டில் ஓடவிடுங்கள். பிறகு மார்க் போடலாம்.

வௌவால்மாமா:
கீட்டன் அதிலும் ஜெயிப்பார். ஏற்கெனவே பாதி மியூட்டில்தான் நடித்திருக்கிறார்.

பேட்கேவ்_வாட்ச்மேன்:
வால் கில்மரையும் (1995) ஜார்ஜ் குளூனியையும் (1997) யாரும் எடுக்கவே இல்லையே?

கட்_அண்ட்_ஒட்டு:
குளூனியே 1997 படத்துக்குப் பலமுறை மன்னிப்புக் கேட்டுவிட்டார், விடுங்கள். கில்மர் வழக்கு வேறு. அந்த உடுப்புக்குள் காது சரியாகக் கேட்காது, பக்கத்தில் வந்து பேசவும் ஆளில்லாமல் போனது என்று பின்னாளில் அவரே சொன்னார். எதிரில் இருப்பவர் வசனம் காதில் விழாமல் பதில் நடிப்பு எங்கிருந்து வரும்? ஆனால் அவர் தாடைதான் எல்லாரையும்விட முகமூடிக்குப் பொருந்தியது. மாமா சொன்ன இரண்டு கண், வாய், தாடை கணக்குப்படி கில்மர்தான் முதலிடம், ஒப்புக்கொள்கிறீர்களா?

வௌவால்மாமா:
தாடைக்கு மட்டும்.