குறைமாசப் பிள்ளையின் வயிறு: நாங்கள் பட்டதும் பார்த்ததும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்

என் மகன் 29 கிழமையில் பிறந்தவர். எடை 1,150 கிராம். எல்லாருக்கும் பயம் மூச்சைப் பற்றித்தான், குடலைப் பற்றி வீட்டில் யாரும் யோசிக்கவேயில்லை. மெஷின் இல்லாமல் தானாக மூச்சு எடுக்கத் தொடங்கி, குழாய் வழியே கொடுக்கிற பாலும் கூடிக்கொண்டு வந்த மூன்றாவது கிழமையில்தான் குடல் அழற்சி வந்தது. டொக்டர்மார் NEC என்று சொல்கிற இந்த நோய் பெரும்பாலும் அப்படித்தானாம். பிள்ளை தேறிவிட்டது என்று நெஞ்சு ஆறுகிற நேரத்தில், பிறந்து 2 முதல் 4 கிழமைக்குள் வரும்.

அன்று காலை நேப்பி மாற்றும்போது வயிறு மினுமினுத்தது. முதல் நாள் மெத்தென்று இருந்த வயிறு, மத்தளத் தோல் மாதிரி இழுபட்டு, நீல நரம்பெல்லாம் தெரிந்தது. விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடிக்கிறவர் அன்று பிடிக்கவில்லை. காய்ச்சல் இல்லை, மலத்தில் இரத்தமும் இல்லை. என் சிங்களம் அரைகுறைதான். ஆனாலும் நர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிட்டு வயிற்றைக் காட்டினேன். அவ குழாயில் சிரிஞ்சை வைத்து இழுத்தா, பச்சையாகப் பித்தம் வந்தது. அந்த நிமிடமே டொக்டரைக் கூப்பிட்டா.

பாலை நிறுத்தினார்கள். வயிற்றுக் காற்று வெளியேறக் குழாயைத் திறந்துவிட்டார்கள், அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள். எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள்ளே காற்றுக் குமிழ் தெரிந்தது. பழுதுபட்ட சுவருக்குள் கிருமி புகுந்து உண்டாக்குகிற வாயு அது. முற்றினால் குடல் அழுகி ஓட்டை விழும். அதற்காகவே திரும்பத் திரும்ப எக்ஸ்ரே எடுத்தார்கள், சத்திரசிகிச்சை டொக்டரும் வந்து பார்த்தார். கடவுளே என்று ஓட்டை விழவில்லை. நரம்பு வழியே சத்துக் கொடுத்து, குடலுக்கு ஓய்வு விட்டு, பிறகு துளித்துளியாக என் பாலையே தொடங்கினார்கள்.

அம்மாமாரே, பிள்ளையைப் பார்க்கப் போனால் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். வயிற்றையும் பாருங்கள். நேற்றுப் போல இல்லை என்று பட்டால் வாய் திறந்து சொல்லுங்கள், டொக்டர்மார் கோபிக்க மாட்டார்கள்.

பி.பி.யூவில் (குறைமாசப் பிள்ளைகளைப் பராமரிக்கிற பிரிவில்) வேலை செய்கிற ஒருவர்

அக்கா சொன்ன மூன்றும், வயிறு ஊதுதல், பச்சை நிறம், பிள்ளை சோர்தல், நாங்களும் தேடுகிறவைதான். மூச்சு இடையிடையே நிற்பதும், இதயத் துடிப்புக் குறைவதும், சூடு ஏறி இறங்குவதும் இதன் தொடக்கமாக இருக்கலாம்.

தடுக்கிறதில் தாய்ப்பாலுக்கு நிகராக நான் ஒன்றையும் காணவில்லை. 1990ல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வில், பால்மா மட்டும் குடித்த குறைமாசப் பிள்ளைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களை விட 6 முதல் 10 மடங்கு கூடுதலாக இந்த நோய் வந்திருந்தது. சிசேரியன் முடிந்து படுத்திருக்கிற தாயிடம் "உனக்குப் பால் ஊறவில்லை" என்று சொல்லிக்கொண்டு பால்மா டின்னோடு வருகிற சொந்தக்காரரைக் கண்டால் எனக்கு மனம் பதறும். முதல் சில மணித்தியாலத்திலேயே கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும், இரவிலும் விடாமல், நாளுக்கு 8 தடவையாவது. சீம்பால் அரை மில்லிலீட்டர் வந்தாலும் கொண்டு வாருங்கள், கொட்டிவிடாதீர்கள்.

முன்கூட்டியே பிரசவ வலி வந்தால் வீட்டில் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். நேரத்தோடு வந்தால் தாய்க்குப் போடுகிற ஸ்டீரொயிட் ஊசி, பிள்ளையின் நுரையீரலோடு குடலையும் காக்கும். புரோபயோட்டிக்கை, அதாவது குடலுக்கு நல்லது என்று கொடுக்கிற உயிருள்ள கிருமிகளை, பாமசியில் வாங்கி வந்து கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அதைக் கொடுத்த ஒரு குறைமாசப் பிள்ளை கிருமி பரவி இறந்த பிறகு, 2023ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. டொக்டர் சொல்லாமல் வேண்டாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தகப்பன்

எங்கள் மகளுக்கு ஓட்டை விழுந்து ஒப்பரேஷன் செய்தார்கள். மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருந்தது. அதைக் கழுவி மாற்ற மனைவியை விட நான்தான் பழகிக்கொண்டேன். பிறகு குடலைத் திரும்ப இணைத்தார்கள், இப்போது சோறும் பருப்பும் சாப்பிடுகிறா.

ஒப்பரேஷன் இல்லாமல் சுகமான பிள்ளைகளுக்கும் சில கிழமை கழித்து, ஆறின இடத்தில் குடல் சுருங்கி அடைக்கலாம் என்று டொக்டர் சொன்னவர். வீட்டுக்கு வந்த பிறகு வயிறு ஊதினாலோ பச்சையாகச் சத்தி எடுத்தாலோ கிளினிக் திகதி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், டயக்னோசிஸ் கார்டையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.