மூன்று சுழி ணகரமும் அரிசி மூட்டையும்: பிராண்ட் வடிவமைப்பாளருக்கு உந்துதல் தேவைதானா?

கட்டக்கோடு (கோயம்புத்தூர்), விவாதத்தைத் தொடங்கியவர்:

சென்ற வாரம் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் மாணவர்களோடு பேச அழைத்திருந்தார்கள். கேட்கப்பட்ட கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான்: "உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது?" கோயில் சிற்பம், கோலம், பயணம் என்று எதையாவது நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். பதினான்கு ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தக் கேள்வியே அவர்களைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

லோகோ வரைபவனின் வேலைநாளில் வரைவதற்குக் கிடைப்பது அதிகம் போனால் இரண்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதிலும், அவருடைய பொருள் எங்கே, யார் கையில், எந்த வெளிச்சத்தில் விற்கிறது என்று பார்ப்பதிலும், அச்சகத்தோடு பேசுவதிலும் போகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் காங்கேயம் பக்கத்தில் உள்ள ஓர் அரிசி ஆலைக்குப் பெயரெழுத்து செய்து கொடுத்தேன். ஆலையின் பெயரில் மூன்று சுழி ணகரம் அடுத்தடுத்து இரு முறை வரும்; முதலாவதன் தலையில் புள்ளி. கணினித் திரையில் அழகாகத்தான் இருந்தது. 26 கிலோ சாக்கில் அச்சாகி வந்தபோது, நெய்த பிளாஸ்டிக் இழைகளுக்கிடையே மை பரவிச் சுழிகள் மூன்றும் அடைத்துக்கொண்டு, எழுத்து கரிக்கட்டி போலத் தெரிந்தது. புள்ளி எழுத்தின் மேல்கோட்டோடு ஒட்டிக்கொண்டது. ஆலைக்காரர் கோபப்படவில்லை. "எழுத்தே தெரியலைங்க, இது உங்க மூட்டைதானான்னு கடைக்காரர் கேக்கறாருங்க" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் உட்கார்ந்து சுழிகளை அகலத் திறந்தேன், கோடுகள் சந்திக்கும் இடங்களை மெலித்தேன், புள்ளியைச் சதுரமாக்கி உயர்த்தினேன். இன்று அந்த எழுத்தைப் பார்ப்பவர்கள் "நல்ல கற்பனை" என்கிறார்கள். அது கற்பனையன்று, சாக்கு சொல்லிக் கொடுத்தது.

நைக்கியின் சின்னத்தை 1971இல் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக மாணவி கரோலின் டேவிட்சன் 35 டாலருக்கு வரைந்து கொடுத்தார். அவரிடம் கேட்கப்பட்டது வேகத்தைக் காட்டும் ஒன்று, அதுவும் காலணியின் பக்கவாட்டில் பொருந்த வேண்டிய ஒன்று. காலணியின் பக்கவாட்டுதான் அந்த வளைவைக் கொடுத்தது என்பது என் துணிபு. மாணவர்களிடம் உந்துதலைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு, கேட்கவும் பார்க்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

சுண்ணாம்புச்சுவர் (மதுரை):

உங்கள் உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன மூட்டைக் கதையே உங்கள் வாதத்துக்கு எதிராக நிற்கிறது. சுழி அடைத்துக்கொள்கிறது என்பதைத்தான் சாக்கு சொன்னது. சுழியைத் திறந்து எழுதினாலும் ணகரம் ணகரமாகவே நிற்கும் என்பதை உங்கள் கைக்குச் சொன்னது யார்?

என் தாய்மாமா மதுரையில் கடைப்பலகை எழுதியவர். பள்ளி விடுமுறையில் அவரோடு போவேன். சுண்ணாம்புத் தூள் தடவிய நூலின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவர் பிடித்து நடுவில் சுண்டுவார். பலகையில் வெள்ளைக்கோடு விழும். எனாமல் பெயிண்ட் வெயிலில் இளகி வழியும் என்பதால் ணகரத்தின் சுழிகளைக் குடத்து வாய் போல அகலமாகத் திறந்து விடுவார். "காய்ஞ்சதும் தானா மூடிக்கும்டா" என்பார். தமிழ்நாட்டில் பேருந்தில் போய்வந்து வளர்ந்த எல்லோருடைய கண்ணிலும் அந்த எழுத்து ஏறியிருக்கிறது. உங்கள் கண்ணிலும் ஏறியிருந்ததால்தான் அந்த ஒரு வாரத்தில் விடை கிடைத்தது. உந்துதல் என்று நான் சொல்வது இதைத்தான். கோலத்தைப் பார்த்து அப்படியே லோகோவாக்குவதை அல்ல.

அமெரிக்க வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர் 1976இல் டாக்சியில் போகும்போது ஒரு கடித உறையின் மேல் சிவப்புக் கிரேயானால் நியூயார்க்கின் இதயச் சின்னத்தை (I ♥ NY) கிறுக்கினார். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்து அந்த நகரத்திலேயே வாழ்ந்தவர் என்பதால்தான், அதற்குக் காசு வாங்காமல் செய்து கொடுக்க அவருக்கு மனம் வந்தது. இன்னொரு அமெரிக்க வடிவமைப்பாளர் பவுலா ஷேர் சிட்டி வங்கியின் சின்னத்தை 1998இல் முதல் சந்திப்பிலேயே ஒரு காகிதக் கைக்குட்டையில் வரைந்தார். வரைய ஒரு நொடி, அந்த ஒரு நொடியைக் கற்றுக்கொள்ள 34 ஆண்டுகள் என்று பின்னர் அவரே விளக்கினார். அந்த 34 ஆண்டுகள் வாடிக்கையாளரின் மூட்டையில் இருந்தவையா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தேவை மட்டுமே சின்னத்தைப் பெற்றெடுக்கிறது என்றால், ஒரே தேவை உள்ள இடங்களிலெல்லாம் ஒரே சின்னம்தான் பிறக்கும். அப்படித்தான் நடந்தது. கைப்பேசித் திரையில் சிறிதாகவும் தெளிவாகவும் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும், பெரிய ஆடை நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் பழைய எழுத்துகளைக் கழற்றிவிட்டுத் நுனிக்கோடுகள் இல்லாத தடித்த மொட்டை எழுத்துகளுக்கு மாறின. பர்பெரி 2018இல் மாறியது. பெயரை மறைத்தால் எந்தக் கடை என்று தெரியாத நிலை. 2023இல் அது மீண்டும் தன் பழைய சின்னமான குதிரைவீரனையும் மெல்லிய எழுத்தையும் தேடிக்கொண்டு வந்தது.

மைத்தட்டு (சிவகாசி):

அச்சுத் தொழிலில் முப்பது ஆண்டுகளாக இருக்கிறேன். இருவரும் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் எனக்குக் கட்டக்கோடு ஐயா சொல்வதே சரியாகப் படுகிறது. சாக்குக்கு அடிப்பது ரப்பர் பிளேட்டில். அழுத்தம் பட்டதும் கோடு தடிக்கும், இடைவெளி சுருங்கும். இதை அறிந்து அனுப்பப்படும் கோப்பு எனக்கு மாதத்தில் ஒன்றிரண்டுதான் வருகிறது. மற்றவர்கள் திரையில் பார்த்த நிறம் தாளில் வரவில்லை என்று எங்களிடம் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் எதிலிருந்து உந்துதல் பெற்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரே ஒரு நாள் மெஷின் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போகட்டும்.

கட்டக்கோடு:

மதுரை நண்பரே, தாய்மாமாவின் நூல்கோட்டைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அந்த வாரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் ஊர் டவுன் பஸ்ஸின் நெற்றிப் பலகை. ஆனால் அது எப்போது வந்தது என்பதே முக்கியம். மூட்டை வந்து தோற்ற பிறகுதான் வந்தது. முதல் முறை வரைந்தபோதும் அதே நினைவு எனக்குள்ளேதான் இருந்தது, ஒரு பயனும் தரவில்லை. கேள்வி சரியாக அமைந்தால் நினைவு தானாக வந்து உட்காரும். நினைவை முதலில் தேடிப் போகிறவன் பிறர் செய்ததைத்தான் எடுத்து வருகிறான். இன்றைய மாணவர் உந்துதல் என்று சொல்லித் தேடுவது இணையத்தில் ஏற்கெனவே ஒருவர் முடித்து வைத்த வேலையை.

ரூபாய்க் குறியீட்டையே (₹) எடுத்துக்கொள்ளுங்கள். நிதி அமைச்சகம் 2009இல் போட்டி வைத்தபோதே, இந்தியப் பண்பாட்டைக் காட்ட வேண்டும், விசைப்பலகையிலும் இடம்பெறத் தக்கதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் இருந்தன. இந்தி எழுதப்படும் தேவநாகரியின் ரகரமும் (र) உரோமன் ஆரும் (R) ஏறத்தாழ ஒரே உடலைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற கண்டுபிடிப்பு, இரண்டையும் ஒரே விசைக்குள் அடக்க வேண்டும் என்ற நெருக்கடியில்தானே பிறந்திருக்க முடியும்?

இரண்டாமாண்டு (சென்னை):

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வேலைக்கு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன். ஒரு லோகோவுக்கு 4,000 ரூபாய் தருகிறார்கள், மூன்று நாள் கெடு, பத்து மாதிரிகள் வேண்டும் என்கிறார்கள். நெக்ஸ்ட் என்ற தன் கணினி நிறுவனத்துக்காக ஸ்டீவ் ஜாப்ஸ் 1986இல் லோகோ வடிவமைப்பாளர் பால் ராண்டிடம் பல மாதிரிகள் கேட்டபோது, ஒன்றுதான் தருவேன் என்று சொல்லி ராண்ட் 1,00,000 டாலர் பெற்றார் என்று படித்திருக்கிறேன். அந்தத் துணிவு எனக்கு இல்லை, அதற்கான பெயரும் இல்லை. மூன்று நாளில் பத்து வரையும்போது மூட்டையைப் பார்க்கவும் நேரமில்லை, நினைவு வந்து உட்காரவும் நேரமில்லை. ஏற்கெனவே ஒருவர் செய்ததைப் பார்த்து மாற்றி வரைகிறேன். அதை எழுதும்போதே வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

சுண்ணாம்புச்சுவர்:

இரண்டாமாண்டு, வருத்தப்படாதீர்கள் தம்பி. தவறு அந்த விலையிலும் கெடுவிலும் இருக்கிறது. ஆனாலும் ஒரு வழி சொல்கிறேன். பத்து மாதிரிகள் கேட்பவரிடம், கணினியைத் திறக்கும் முன்பே, "இந்தச் சின்னம் முதலில் எதன் மேல் அச்சாகப் போகிறது?" என்று கேளுங்கள். விடை தெரிந்ததும் பத்தில் ஆறு தாமாகவே விழுந்துவிடும். மீதி நான்கைக் கவனமாக வரைய மூன்று நாள் ஓரளவு போதும். இதில் கட்டக்கோடு சொல்வதை அப்படியே ஏற்கிறேன்.

ரூபாய்க் குறியீட்டில் மட்டும் ஏற்க முடியவில்லை. அந்த நிபந்தனைகள் எல்லோருக்கும் பொதுவானவை. 3,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் போட்டிக்கு வந்தன. 2010 ஜூலை 15 அன்று தேர்வானது உதயகுமார் வரைந்தது. கள்ளக்குறிச்சியில் பிறந்த அவர் அப்போது மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். எழுத்தின் உடல் எங்கே வளைகிறது, எங்கே கோடு அதைத் தாங்குகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய கண், இரண்டு எழுத்துகளை ஒன்றாகக் கண்டது. நெருக்கடி எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தக் கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண்ணை வளர்க்காமல் கேட்கவும் பார்க்கவும் மட்டும் கற்றுக்கொடுத்தால், மாணவர் பார்ப்பார், ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

உங்கள் இரண்டு மூட்டைகளின் படங்களையும் இங்கே இட முடியுமா? ணகரத்தின் மூன்றாவது சுழியை நீங்கள் எப்படி முடித்தீர்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறது. மாமா அதை மட்டும் மூடாமல் கீழே இழுத்து விடுவார்.

கட்டக்கோடு:

இரண்டாவது மூட்டை என் அலுவலகத்தில் இருக்கிறது; நாளை காலை வெளிச்சத்தில் படமெடுத்து இடுகிறேன். முதலாவதை ஆலைக்காரர் தவிடு கட்டப் பயன்படுத்திவிட்டார், கேட்டுப் பார்க்கிறேன். மூன்றாவது சுழியை நானும் மூடவில்லை.