50 குதிரைத்திறன் டிராக்டருக்கு ஏசி கேபின் தேவையா?

டெல்டா வாடகை உழவர்:
45 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள டிராக்டர்களுக்கும் ஆலையிலேயே ஏசி கேபின் பொருத்தாவிட்டால் நம் நிறுவனங்கள் போட்டியில் பின்தங்கிவிடும் என்று கோவை வடிவமைப்பாளர் எழுதியிருந்தார். எனக்கு இதில் உடன்பாடில்லை. கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டிச் சேற்றுழவு ஓட்டும்போது கண்ணாடி முழுவதும் சேறு தெறிக்கும்; தென்னந்தோப்புக்குள் நுழைந்தால் தாழ்ந்த மட்டைகள் கூரையில் உரசும்; கேபினின் எடை மேற்பகுதியில் ஏறுவதால் வரப்பில் ஏறி இறங்கும்போது ஆட்டமும் கூடும். ஏசி இருக்கிறது என்பதற்காக எந்த நிலக்காரரும் மணி வாடகையை உயர்த்தித் தரப்போவதில்லை.

கோவை வடிவமைப்பாளர்:
வாடகையை மட்டும் பார்த்தால் உங்கள் கணக்கு சரிதான். அந்த இருக்கையில் நாள் முழுவதும் உட்கார ஆள் கிடைப்பாரா என்பதையும் அதில் சேர்த்துப் பாருங்கள். 1972இல் ஜான் டீர் என்ற அமெரிக்க டிராக்டர் நிறுவனம் சத்தத்தைக் குறைக்கும் ‘சவுண்ட்-கார்டு’ கேபினைக் கொண்டுவந்தபோது, பிறகு ஒட்டவைக்கும் தகரப் பெட்டியாக அதைச் செய்யவில்லை. கவிழ்ந்தால் தாங்கும் இரும்புச் சட்டம், அதிர்வை உறிஞ்சும் ரப்பர் தாங்கிகள், வளைந்த முன்கண்ணாடி, தூசி புகாதபடி உள்ளே சற்றுக் கூடுதலாக வைத்த காற்றழுத்தம் ஆகிய அனைத்தையும் டிராக்டரோடு சேர்த்தே வடிவமைத்தது. நம் நாட்டில் 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம். அதில் ஓட்டிப் பழகியவர் சித்திரை வெயிலில், மண்ணைக் கிளறும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டரை ஓட்ட வருவாரா? டிராக்டருக்கான ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பரில் 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பதால், கூடும் விலையில் ஒரு பகுதியை அது ஈடுகட்டும்.

டெல்டா வாடகை உழவர்:
வரி குறைந்தது வாங்குகிறவருக்காக, ஐயா. அந்த இடத்தை நிறுவனம் நிரப்பிக்கொள்வதற்காக அல்ல. வரலாற்றைச் சொன்னீர்கள், அதன் மறுபக்கமும் இருக்கிறது. பிரிட்டனில் 1970இல் புதிய டிராக்டர்களுக்குப் பாதுகாப்பு கேபின் கட்டாயமானபோது, அவசரத்தில் பொருத்தப்பட்ட கேபின்கள் பல, உயிரைக் காத்தாலும் எஞ்சின் சத்தத்தைப் பறைபோல் பெருக்கின. ஓட்டுநரின் காதருகே சத்தம் 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பின்னர் தனியாக விதி செய்ய வேண்டியிருந்தது. நானும் ஒரு பட்டறையில் கேபின் செய்து மாட்டினேன். இரண்டே மாதத்தில் போல்ட்டுகள் தளர்ந்து கதவு கடகடத்தது. உள்ளே வெளியைவிட வெக்கை. மலிவு விலைக்குள் அடக்கப் பார்த்தால் ஆலையிலிருந்தும் அப்படித்தான் வரும்.

பதினெட்டு வருட ஓட்டுநர்:
இருவரும் என் இருக்கையைப் பற்றித்தான் பேசுகிறீர்கள் என்பதால் நானும் எழுதுகிறேன். சேற்றுழவில் எனக்குக் கேபின் வேண்டாம். இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் உள்ளே சேறுதான் சேரும். வைக்கோல் கட்டும் இயந்திரத்தை இழுக்கும்போது நிலைமை வேறு. அந்தத் தூசியில் மாலைக்குள் துண்டு கறுத்து, இரவெல்லாம் இருமல் வரும். அங்கே ஏசியைவிட முதலில் தேவைப்படுவது வடிகட்டிய காற்று. அந்த வடிகட்டியை ஸ்பேனர் இல்லாமல் வயலிலேயே கழற்றித் தட்டும்படி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். கியர் பெட்டிப் பக்கம் காலில் அடிக்கும் சூட்டைப் பற்றி இதுவரை எந்த விற்பனையாளரும் என்னிடம் கேட்டதில்லை.

கோவை வடிவமைப்பாளர்:
கால் பக்கச் சூட்டைத் தடுக்காமல் ஏசி வைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதுதான்; அதை ஒப்புக்கொள்கிறேன். பின்னால் இருக்கும் கருவியைப் பார்க்கக் கண்ணாடியைப் பெரிதாக்குகிறோம், அந்தக் கண்ணாடி வழியாகவே வெயிலும் இறங்குகிறது. ஏசியின் கம்ப்ரசரோ ரோட்டவேட்டர் இழுக்கும் அதே எஞ்சினிலிருந்துதான் தன் பங்கை எடுக்கிறது. ஆகவே எல்லா 50 குதிரைத்திறன் வண்டிக்கும் ஒரே கேபின் என்ற என் வாதத்தைத் தளர்த்துகிறேன். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் எல்லா வண்டியிலும் இருக்கட்டும். தோப்புக்காரருக்கு அந்தச் சட்டம் மடங்கட்டும். கேபின், வைக்கோல் கட்டுவோரும் மருந்து தெளிப்போரும் கேட்டு வாங்கும் வகையாக வரட்டும். ஆனால் அதைத் தாங்கும் இடங்களை அடிச்சட்டத்தில் முதல் நாளே வைத்துவிட வேண்டும் என்பதை விடமாட்டேன்.

டெல்டா வாடகை உழவர்:
அப்படியானால் எதிர்ப்பில்லை. ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: அந்த வளைந்த கண்ணாடி அறுவடை நடுவில் உடைந்தால், மாற்றுக் கண்ணாடி தஞ்சாவூருக்கு எத்தனை நாளில் வரும்?