‘ட்ரம்’ படத்தில் உங்களை நம்பவைத்த இடம் எது?

சாட்ஸ்வொர்த் மீனா:
தென்னாப்பிரிக்காவின் ‘ட்ரம்’ இதழைப் பற்றிச் சோலா மசேகோ எடுத்த 2004 படம்தான். பார்த்துப் பல வருஷமாகியும் ஒரு பகுதி என்னை விடமாட்டேன் என்கிறது. அந்த இதழின் பத்திரிகையாளர் ஹென்றி என்குமாலோ, கூலியாளாகவே பண்ணைக்குள் போகிறாரே, அது. பட்டவனே வந்து சொல்லும்போது எப்படி நம்பாமல் இருப்பது? அப்புறம் பெத்தல் என்ற ஊரின் பண்ணைகளில் கூலியாட்கள் பட்டதைப் பற்றி 1952-இல் அவர் எழுதியதைத் தேடிப் படித்தேன். ஒப்பந்தத்தை அவசரமாக வாசித்துவிட்டு, ஒவ்வொருவரையும் ஒரு பென்சிலைத் தொடச் சொல்வார்களாம். தொட்டால் சம்மதம். அதற்குமேல் படிக்க முடியவில்லை. என் கொள்ளுப்பாட்டியும் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்தான்.

பீனிக்ஸ்காரன்:
மீனா அக்கா, எனக்குப் படத்தில் ஒட்டவில்லை. ஹென்றியாக நடித்தவர் டே டிக்ஸ், அமெரிக்கர். அவர் வாயைத் திறந்ததுமே, கதை நடக்கும் ஜோஹன்னஸ்பர்க் மனதைவிட்டுப் போய்விட்டது. என்னை நம்பவைத்தது படமல்ல, புகைப்படம். 1954-இல் ஹென்றி வேண்டுமென்றே கைதாகிச் சிறைக்குப் போனார். அங்கே கைதிகளை நிர்வாணமாகக் குதிக்கவைத்து, கைதட்டவைத்து, வாயைத் திறக்கவைத்துச் சோதிப்பார்கள். ‘டவுஸா’ என்பார்கள். ட்ரம் இதழின் புகைப்படக்காரர் பாப் கொசானி பக்கத்துக் கட்டடத்துக் கூரையிலிருந்து அதைப் படம் பிடித்துவிட்டார். என் மாமா வீட்டில் ஒரு பழைய தொகுப்பில் பார்த்தேன். தூரத்திலிருந்து எடுத்தது. அந்தத் தூரம்தான் சாட்சி. இசையும் இல்லை, அழுகையும் இல்லை. சினிமா நம்மை அழவைத்து நம்பவைக்கப் பார்க்கிறது அக்கா, அது எனக்குப் பிடிக்காது.

மாரிட்ஸ்பர்க் தாத்தா:
தம்பி, அழுகை வந்தால் பொய் என்று யார் சொன்னது? அந்தச் சிறையின் நம்பர் ஃபோர் பகுதி இப்போது ஜோஹன்னஸ்பர்க்கின் கான்ஸ்டிட்யூஷன் ஹில்லில் அருங்காட்சியகம். பேத்தியோடு போனேன். வழிகாட்டி டவுஸாவைச் சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் ஒன்று சொல்கிறேன், பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பாருங்கள். நடுநடுவே நிறுத்திக் கேளுங்கள்: இதை யார் சொல்கிறார், அவர் அங்கே இருந்தாரா, ஆதாரம் எது, நம் மனதைப் பிசைவது எது? சொல்கிறவர், ஆதாரம், மனம் மூன்றும் சேர்ந்து வந்தால்தான் நம்ப வேண்டும், ஒன்று மட்டும் வந்தால் பொறுத்திருக்க வேண்டும். அப்புறம் ட்ரம் என்றால் ஜோஹன்னஸ்பர்க் மட்டும்தானா? நம் டர்பனில் அந்த இதழுக்குப் படமெடுத்த ரஞ்சித் காலி இருந்தார், ஜி.ஆர். நாயுடு இருந்தார். அவர்கள் எடுத்த புகைப்படங்களையும் காட்டுங்கள். வீட்டில் பழைய இதழ்கள் இருந்தால் தயவுசெய்து பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் படுக்கவைத்து அடுக்குங்கள், ரப்பர் பேண்ட் வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் மீனா:
தாத்தா, இதழ் எங்களிடம் இல்லை. கொள்ளுப்பாட்டியின் கப்பல் பதிவு நகல் இருக்கிறது. நேற்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். எண், பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஊர். கடைசியில் அங்க அடையாளம்: இடது கணுக்காலில் தழும்பு. தம்பி சொன்னது சரிதான், அந்த ஒரு வரியில் அழுகை இல்லை. நான்தான் அழுதேன். அவருக்கு யாராவது ஒப்பந்தத்தை முழுசாக வாசித்துக் காட்டினார்களா? என்குமாலோ மாதிரி ஒருவர் அந்த வரிசையில் நின்றிருந்தால் எழுதிவைத்திருப்பார்.